எட்டு மணிக் களி

எங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில் அப்போது இரண்டு தாள்கள் ஒட்டியிருந்தன. இடப்பக்கம் இருந்தது அப்பாவின் தாள். வலப்பக்கம் இருந்தது நாயின் தாள். இரண்டையும் எழுதி ஒட்டியவள் நான்தான்.

அப்பாவின் தாளில் மூன்றே வரிகள். காலையில் சாப்பிட்ட பின் முழங்கால் வலிக்கு ஒரு மாத்திரை, இரவில் பிரஷருக்கு ஒரு மாத்திரை, அடுத்து டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள். நாயின் தாள் நீளமானது. எடை, குடித்த தண்ணீர், தின்ற அளவு, வாந்தி, மலம், சிறுநீர், நடை என்று கட்டம் கட்டமாகப் பிரித்து, அடியில் செய்ய வேண்டியவை ஐந்தும் செய்யக் கூடாதவை ஏழும் எழுதியிருந்தேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரியில எனக்குப் பிரசவம் பாத்தப்பகூட இத்தன எழுதலடி" என்றாள்.

ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. அழுத்தமானி, வெப்பமானி, தராசு என்று எது வந்தாலும், அது காட்டும் எண்ணை நம்பலாமா கூடாதா என்று சொல்ல வேண்டும். அதனால் எதையும் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு வீட்டிலும் உண்டு. காரிமங்கலம் மெயின்ரோட்டில் கம்பெனி பஸ் ஐந்தே முக்காலுக்கு வரும். திரும்பி வீடு சேர ஏழு மணி ஆகிவிடும். ஆக நாயைக் காலை ஐந்து மணிக்கு ஒரு தடவை பார்ப்பேன், மாலை ஏழு மணிக்கு ஒரு தடவை பார்ப்பேன். நடுவில் உள்ள பதினான்கு மணி நேரத்தை அம்மா சொல்லக் கேட்டு எழுதுவேன்.

அவனுக்குப் பதின்மூன்று வயது. செவலை நிற நாட்டு நாய். முகம் மட்டும் சாம்பலில் முக்கி எடுத்தது போல் வெளுத்துவிட்டது. பின்னங்கால் இரண்டும் உள்வாங்கி, நடக்கும்போது ஒன்றோடொன்று உரசும். அப்பாவும் அப்படித்தான் நடப்பார். முழங்கால் தேய்ந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து வருவார். இரண்டு பேரையும் அம்மா 'பெருசு' என்றுதான் கூப்பிடுவாள். "ஏ பெருசு, வழியில படுக்காத" என்று அவள் உள்ளேயிருந்து கத்தினால், எந்தப் பெருசு நகர வேண்டும் என்பது அவள் குரல் வரும் திசையை வைத்துத்தான் தெரியும். பெரும்பாலும் இரண்டுமே நகராது.

வைகாசியில் ஒருநாள் அவன் டைல்ஸ் தரையில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் கிடந்தான். நான் லீவு போட்டு, மொபெட்டின் முன்பக்கம் உரச்சாக்கை விரித்து அவனை உட்காரவைத்துக் கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். அங்கே மாடுகளுக்கு நடுவில் நாயோடு வந்தவள் நான் ஒருத்திதான். டாக்டரம்மா இடுப்பை அமுக்கிப் பார்த்தார், காலை மடக்கிப் பார்த்தார், ரத்தம் எடுத்தார். நான்கு நாள் கழித்து முடிவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மூட்டு தேஞ்சிருக்கும்மா, அது வயசு. ஆனா கிட்னியும் பாதி ஓய்ஞ்சிருக்கு. அதனால வலி மாத்திரைன்னு கடையில விக்குற எதையும் குடுத்துடாத. மனுசங்க போடறது சுத்தமா கூடாது. கிட்னி தாங்காது. ஜாக்கிரதையா பாத்துக்கிட்டா ரெண்டு வருசம்கூட இருப்பான். இல்லன்னா சொல்ல முடியாது."

அன்று மாலையே உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். அந்த வகை வலி மாத்திரைகளுக்கெல்லாம் சேர்த்து மருத்துவத்தில் ஒரு சுருக்கப்பெயர் இருந்தது. தாளில் ஏழாவது வரியாக அதை எழுதினேன்: 'என்.எஸ்.ஏ.ஐ.டி. கூடாது.' ஒரே வரியில் எல்லா மாத்திரையும் அடங்கிவிட்டதில் எனக்குத் திருப்தி. அதை யாருக்கும் வாய்விட்டு விளக்கியதாக ஞாபகம் இல்லை.

அதற்குப் பிறகு செய்தவை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. மாட்டுக்கு வாங்கிய ரப்பர் விரிப்பில் ஒன்றை நீளவாக்கில் வெட்டி, வாசலிலிருந்து அவன் படுக்கும் மூலை வரை டைல்ஸ் மேல் போட்டேன். இரண்டு படிகளுக்கு மேல் பழைய கட்டில் பலகையைச் சாய்த்துச் சரிவாக்கினேன். குனியாமல் தின்ன, பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து அதன் மேல் தட்டை வைத்தேன். படுக்கையில் சாக்குக்கு மேல் அப்பாவின் பழைய போர்வை. நகம் வளர்ந்தால் கால் வழுக்கும் என்பதால் ஞாயிறு தோறும் நகம் வெட்டுதல். காதோரம் உண்ணி பொறுக்குதல். பல்லைப் பழுப்பாக்கும் எங்கள் ஊர்ப் போர் தண்ணீர் வேண்டாம், குழாயில் வரும் காவிரித் தண்ணீரே குடிக்கட்டும் என்றேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாப்பது வருசமா நாங்க அந்தப் போர் தண்ணிதான குடிச்சோம்? எங்களுக்கு யாரு பேப்பர் ஒட்டுனா?"

அப்பா பழுப்பேறிய பற்கள் தெரியச் சிரித்தார். "வுடு புள்ள. அவனாச்சும் வெள்ளப் பல்லோட போவட்டும்."

எடை போடுவதற்கு மாதம் ஒருமுறை புளி மண்டிக்குக் கூட்டிப்போவேன். மூட்டை நிறுக்கும் மின்தராசில் அவனை ஏற்றி நிறுத்துவதற்குள் எனக்கு வேர்த்துவிடும். மண்டிக்காரர் ஒவ்வொரு மாதமும் ஒரே கேள்வியைக் கேட்பார்: "இது கொட்டை எடுத்ததா, எடுக்காததாம்மா? எந்தக் கணக்குல சேக்குறது?" நான் அவர் முகத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் குறித்துக்கொள்வேன். தராசின் துல்லியத்தை முதல் மாதமே சரிபார்த்திருந்தேன்.

கிழட்டு நாயைப் பார்த்துக்கொள்வது கஷ்டமான வேலை இல்லை. தினமும் இருக்கிற வேலை. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போய், பத்து மணி நேரம் நின்று, ஒன்றரை மணி நேரம் திரும்பி வந்து, பையைக் கழற்றும் முன்பே பல நாள் அவன் நனைத்த போர்வையை மாற்ற வேண்டியிருக்கும். போர்வையை மாற்றும்போது அவன் என் கையை நக்குவான். அதற்காகச் சந்தோஷப்படும் அளவுக்குக்கூட உடம்பில் தெம்பு இருக்காது.

ஆடியில் காற்று தொடங்கியபோது வாந்தியும் தொடங்கியது. வாரத்தில் இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள். "பத்து மணிக்குக் கக்குனான்" என்று அம்மா சொல்வாள். மலம் கறுப்பாக இருந்தது. நான் 'கறுப்பு' என்று கட்டத்தில் எழுதினேன், ஆனால் பயப்படவில்லை. எங்கள் வீட்டில் காலை எட்டு மணிக்கு ராகிக் களி. அப்பாவுக்கு இரண்டு உருண்டை, நாய்க்குக் கைப்பிடியளவு. ராகி தின்கிற உடம்பில் அது கறுப்பாகத்தான் போகும் என்று இந்த ஊரில் பிறந்த யாரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன்.

ஆனால் இன்னொரு பக்கம் நடை நன்றாக இருந்தது. மாட்டுக்கொட்டகை வரை தானாகப் போய்வருகிறான் என்றாள் அம்மா. 'நடை: நன்று' என்று எழுதி, பக்கத்தில் 'ரப்பர் விரிப்பு, சரிவுப் பலகை' என்று காரணமும் எழுதினேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வாந்திக்குக் காரணம் தேடி ஒவ்வொன்றாகக் கழித்தேன். முதலில் பால். நிறுத்தியும் பயனில்லை. பிறகு கருவாடு. அம்மா எனக்குத் தெரியாமல் கருவாட்டுத் தலையைப் போடுகிறாளோ என்று சந்தேகம். கேட்டதற்கு, "எந்தச் சாமி மேல சத்தியம் பண்ணணும் சொல்லு, பண்றன்" என்றாள். கடைசியில் மிஞ்சியது களி. மெல்லாமல் முழுங்குகிற பண்டம், வயதான வயிறு, அதிலும் காலையில். காரணம் பொருந்தியது. ஆவணி முதல் வாரத்தில் எட்டாவது வரி எழுதினேன்: 'களி கூடாது.' இந்த வரியை எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

"ஆயுசு பூரா களி தின்னவன்டி அவன்" என்று அம்மா சண்டைக்கு வந்தாள். "கெட்டியா கிண்டிட்டனா? அத வேணா சொல்லு. எளக்கமா கிண்டறன்."

"ரெண்டு வாரம் பாக்கலாம்மா. வெறும் சோறு, வேகவெச்ச பூசணிக்காய்."

"ரெண்டு வாரத்துல அவன் காலம் முடிஞ்சிட்டா?"

அப்பா தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனார். எழுவதற்குச் சுவரையும் நாற்காலியையும் பிடித்தார். அதை நான் பார்த்தேன். ஆடியிலிருந்தே அவர் கால் மோசமாகி வருவதும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தால் கணக்குச் சரியாக இருந்தது. எத்தனை நாள் ஆனதோ அத்தனை மாத்திரை குறைந்திருந்தது. மாத்திரை வேலை செய்யவில்லை போலிருக்கிறது, அடுத்த தடவை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று அவர் தாளில் எழுதிவைத்தேன்.

களியை நிறுத்திய மூன்றாம் நாளே வாந்தி நின்றது. மலத்தின் நிறமும் மாறியது. ஆனால் அவன் எழவில்லை. ஐந்து மணிக்கு நான் விளக்கைப் போட்டால் தலையை மட்டும் தூக்கிப் பார்ப்பான். வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கினால் முனகுவான். மாட்டுக்கொட்டகைப் பக்கம் போவதே இல்லை. "களி இல்லாம கால்ல இருந்த பலமே போச்சு" என்றாள் அம்மா. நான் நம்பவில்லை. ஆனால் கட்டங்கள் அவள் பக்கம்தான் பேசின.

இரண்டு வாரம் முடிந்த அன்று நானே களைத்துப்போய், "சரி, குடுங்க" என்றேன். இளக்கமாகக் கிண்டி, ஆறவைத்து, கைப்பிடியளவு. ஒரே வாரத்தில் அவன் கொட்டகை வரை நடந்தான். அதே வாரத்தில் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். மலம் மறுபடியும் கறுத்தது.

பரிசோதனை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். கொடுத்தால் ஒன்று, நிறுத்தினால் ஒன்று, மறுபடி கொடுத்தால் முதல் நிலை. இதைவிடச் சுத்தமான நிரூபணம் என் வேலையில்கூட அபூர்வம். களி அவனுக்குப் பலம் தருகிறது, களியே வயிற்றையும் கெடுக்கிறது. இரண்டில் எதை விடுவது என்பது மட்டும்தான் கேள்வி என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸில் தூங்கிப் போனேன். புரட்டாசி பிறந்து வீட்டில் கவிச்சி நின்றது. கருவாடு பற்றி மனதில் ஒட்டியிருந்த கடைசிச் சந்தேகமும் போயிற்று. மண்டித் தராசில் அவன் எடை இரண்டு கிலோ குறைந்திருந்தது. அந்த மாதம் மண்டிக்காரர் கேள்வி கேட்கவில்லை.

அதற்கு அடுத்த சந்தை நாளில் எனக்கு வாராந்திர விடுப்பு. அப்பாவின் மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்கார பாய் எங்களுக்குப் பல வருடப் பழக்கம். சீட்டை வாங்காமலே அட்டைகளை எடுத்துவைத்தார்.

"இந்தாம்மா. கோடு போட்டதுதான் வெச்சிருக்கன். அப்பாகிட்ட மறக்காம சொல்லிடு, இல்லன்னா மறுபடி வந்து நிப்பாரு."

"என்ன கோடு, பாய்?"

"மாத்திரைக்கு நடுவுல இருக்குதே, இந்தக் கோடு. போன தடவ அதே மருந்துல வேற கம்பெனி குடுத்துட்டன். மறுநாளே நொண்டிக்கிட்டு வந்துட்டாரு. 'கோடு இல்லன்னா சரிபாதியா ஒடைய மாட்டேங்குது பாய், தூள் தூளாப் போவுது'ன்னாரு. டாக்டர் பாதியா கொறச்சிட்டாரா?"

"இல்லையே. முழுசுதான்."

"அப்ப மீதிப் பாதிய யாருக்குக் குடுக்குறாரு? உங்கம்மாவுக்கா?" அவர் சிரித்தார். "நல்ல மனுசன். எங்க வூட்டுல ஒரு மொளகா பஜ்ஜியக்கூட பாதி தர மாட்டாங்க."

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி கிடையாது. அட்டையைத் திருப்பி அந்தக் கோட்டைப் பார்த்தேன். நாளுக்கு ஒரு மாத்திரை குறைந்தது உண்மை. என் எண்ணிக்கையில் தவறு இல்லை. ஒரு மாத்திரை எத்தனை வாய்க்குள் போனது என்பதை எண்ணிக்கை சொல்லாது. எட்டு மணிக்கு நான் ஓசூர் தாண்டி உட்கார்ந்திருப்பேன். அம்மா பால் ஊற்ற சொசைட்டிக்குப் போயிருப்பாள். வீட்டில் களித் தட்டின் முன்னால் இரண்டு பெருசுகள் மட்டும்.

கடைக்கு வெளியே சந்தைக் கூட்டம். யாரோ என் காலை மிதித்துவிட்டு "பாத்து நில்லும்மா" என்றார்கள். வாங்க வேண்டிய காய்களின் பட்டியல் கையில் இருந்தது. எதுவும் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன்.

அப்பா கொட்டகை நிழலில் உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். நாய் அவர் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது. அட்டையை அவர் மடியில் போட்டேன்.

"ப்பா, மாத்திரைய எதுக்கு ஒடைக்குற?"

"முழுசா எறங்க மாட்டேங்குது கண்ணு. தொண்டையில நிக்குது."

"களிய முழுங்குற தொண்டையில மாத்திரை நிக்குதா?"

சமையலறை ஜன்னலிலிருந்து அம்மாவின் சிரிப்பு கேட்டது. அப்பா சிரிக்கவில்லை. எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்தார்.

"மீதிப் பாதி எங்கப்பா?"

அவர் நாயைப் பார்த்தார். "அவனுக்குத்தான்."

"எத்தன நாளா?"

"ஆடியிலருந்து. தெனமும் இல்ல. எந்திரிக்க முடியாம கெடக்குற அன்னிக்கு மட்டும். களியில வெச்சு உருட்டிக் குடுத்தா முழுங்கிடுவான், சோத்துல வெச்சா துப்பிடுவான். ஒரு மணி நேரத்துல எந்திரிச்சு நடப்பான் பாரு, நீ பாத்ததில்ல."

அம்மா ஜன்னலை விட்டு வெளியே வந்திருந்தாள். கையில் கரண்டி. "அட மனுசா! களி கெட்டி, களி கெட்டின்னு ரெண்டு மாசமா நான் பேச்சு வாங்கிட்டிருக்கன். வாயத் தொறந்தியா நீ?"

"அது என்ன வெசமா? நான் திங்கலயா? எனக்கு ஆவாதது எதையாச்சும் அவனுக்குக் குடுத்தனா?"

நான் சொன்னேன். நாயின் உடம்பு வேறு, அந்த மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், உள்ளே ரத்தம் கசியும், மலம் கறுத்தது அதனால்தான், சிறுநீரகத்தை அது என்ன செய்யும் என்பது இன்னும் தெரியவில்லை என்றெல்லாம். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தெம்பில்லை என்பதுதான் சரி. கடைசியில், "எழுதி ஒட்டியிருக்கறனேப்பா. படிக்கலயா?" என்றேன்.

"எங்க?"

அவர் எழுந்தார். மூன்று பேரும் உள்ளே போனோம். பிரிட்ஜ் முன்னால் நின்று, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். ஏழாவது வரியில் விரல் நின்றது.

"இதா? இது ஏதோ பாக்கெட் தீனி பேருன்னு நெனச்சன். இங்கிலீசுல பேரு போட்டு விக்குறாங்களே, அது. நாமதான் அதெல்லாம் வாங்குறதில்லயேன்னு வுட்டுட்டன்."

வலி மாத்திரை என்று இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் போதும். நான் அதை எழுதவில்லை.

அவர் விரலை எடுக்கவில்லை. தாளின் தலைப்புக்குப் போய் மறுபடியும் இறங்கினார். எடை, தண்ணீர், வாந்தி, மலம். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுபவர் போல இரண்டாம் தடவையும் இறங்கிவிட்டு, "இதுல வலின்னு ஒண்ணுமே காணமே கண்ணு" என்றார்.

"வலிக்கு மருந்து குடுக்கக் கூடாதுன்னுட்டாங்கப்பா. அதான் எழுதல."

"மருந்து இல்லன்னா வலி இல்லன்னு ஆயிடுமா?"

"போதும், ரெண்டு பேரும் பேசுனது" என்றாள் அம்மா. "நெழலு நகந்துடுச்சு. அவன் வெயில்ல கெடக்குறான். தூக்குங்க மொதல்ல."

துண்டைக் கொடுத்து நானும் அப்பாவும் தூக்கினோம். அப்பாவின் மூச்சு என் காதருகில் இரைந்தது. அவர் ஆடியிலிருந்து பல நாள் அரை மாத்திரையோடு நடந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரிட்ஜ் கதவில் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு தாள்கள். ஒன்றில் அப்பாவின் மாத்திரை வேலை செய்யவில்லை என்றும் இன்னொன்றில் நாயின் நடை நன்று என்றும் நான் எழுதியது ஒரே நாட்களைப் பற்றி. நான் ஒரு தடவையும் இரண்டையும் சேர்த்து வைத்துப் படிக்கவில்லை.

மறுநாள் லீவு போட்டேன். அப்பா மொபெட் ஓட்ட, நாய் முன்னால், நான் பின்னால். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். திட்டவில்லை. மறுபடி ரத்தம் எடுத்தார். வயிற்றுப் புண்ணுக்கு மருந்து கொடுத்தார். பிறகு என்னிடம், "வலி ரொம்ப இருக்குற மாதிரி தெரிஞ்சா கூட்டிட்டு வா, வேற பாக்கலாம்னு சொன்னனேம்மா. ஏன் வரல?" என்றார்.

சொல்லியிருந்தார். வைகாசியில், கைகழுவிக்கொண்டே கடைசியாகச் சொன்னது. கட்டத்துக்குள் போட முடியாத வாக்கியம் என்பதால் நான் எழுதிக்கொள்ளவில்லை போலிருக்கிறது. எழுதாததால் மறந்தும் போயிற்று.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் மறுபடியும் மூன்று பேரும் போனோம்; வைகாசியில் இருந்ததைவிட நிலை மோசமாகியிருந்தது. அப்பா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் குடுத்ததாலங்களா?"

டாக்டரம்மா தாளைப் பார்த்தபடியே, "வயசும் இருக்குதுங்க" என்றார்.

"அது தெரியுதுங்க. நான் கேட்டது, நான் குடுத்ததாலயான்னு."

"அதுவும் ஒரு காரணம்தாங்க. போனது வராது. இருக்கறதக் காப்பாத்தலாம்." பிறகு வேறு வகை வலி மாத்திரை ஒன்றை எழுதினார். அது நரம்பு வலிக்குக் கொடுப்பது என்றும், இவன் சிறுநீரகத்துக்காக அளவைக் குறைத்துத் தருவதாகவும், தூக்கம் போல் வந்தால் உடனே தெரிவிக்கும்படியும் சொன்னார். காலையில் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம். களி கொடுக்கலாமா என்று நான் கேட்டேன். "உப்பில்லாம, எளக்கமா, கொஞ்சமா குடு. களி என்ன பண்ணுச்சு பாவம்" என்றார்.

இரண்டு வருடம் பற்றி அந்த முறை அவர் எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. திரும்பும் வழியில் வேகத்தடை வரும்போதெல்லாம் அப்பா காலை நீட்டி நாயை அணைத்துக்கொண்டார். ஏரிக்கரை தாண்டும்போது, "எனக்கு முழுசு போட்டுக்கிட்டு அவன வெறுமனே பாத்துட்டு உக்கார முடியல" என்றார். என்னிடம் சொன்னாரா நாயிடம் சொன்னாரா தெரியவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது. இப்போதும் சில காலைகளில் இருக்கிறது. என் மேலும் இருப்பதால் எதையும் காட்டிக்கொள்வதில்லை.

அன்று இரண்டு தாள்களையும் கிழித்துவிட்டு ஒரே தாளாக எழுதினேன். மேல் பாதியில் அப்பா, கீழ்ப் பாதியில் நாய். ஏழாவது வரி இப்போது முழு வாக்கியம்: 'மனிதர்கள் போடும் வலி மாத்திரையைத் துளிகூடக் கொடுக்கக் கூடாது.' எட்டாவது வரி இல்லை. நாளுக்கு ஒரு கட்டம் புதிதாகப் போட்டு, மேலே 'வலி' என்று எழுதினேன். அதை எப்படி அளப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அழுத்தத்துக்கு அலகு உண்டு, வெப்பத்துக்கு உண்டு. அந்தக் கட்டத்தை எட்டு மணிக்கு நிரப்பும் பொறுப்பை அப்பாவிடம் கொடுத்தேன். எட்டு மணிக்கு வீட்டில் இருப்பவர் அவர்தான்.

"நான் என்னத்த எழுதறது? நன்று, சுமார்னு உன்ன மாதிரியா?"

"நீ பாத்தத எழுதுப்பா."

அம்மாவுக்கும் ஒரு வேலை வந்தது. பால் ஊற்றப் போகும் நேரத்தைக் கால் மணி தள்ளிவைத்து, அப்பா மாத்திரையை முழுசாக முழுங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறாள். "நாக்க நீட்டு" என்பாளாம். அவர் நீட்டுவாராம். "அடியில தூக்கு" என்பாளாம். கோடு இல்லாத மாத்திரையையே இனிமேல் கொடுங்கள் என்று பாயிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இரண்டு வாரத்தில் அப்பாவின் நடை கொஞ்சம் தேறியது. நாய் வாந்தி எடுக்கவில்லை. ஆனால் ஆடியில் நடந்த மாதிரி நடக்கவும் இல்லை. புதிய மாத்திரை அவ்வளவு வேகமானதல்ல. பழையது கொடுத்த நாட்களை அவன் நினைவு வைத்திருந்தால் எங்களைப் பற்றி என்ன நினைப்பான் என்று ஒருநாள் பஸ்ஸில் யோசித்தேன். பிறகு அந்த யோசனையை நிறுத்திவிட்டேன்.

இப்போது மார்கழி. இந்தப் பக்கம் காலைக் குளிர் வயதான எலும்புக்கு ஆகாது. ஐந்து மணிக்கு நான் வெந்நீர் வைத்து, துணியை நனைத்துப் பிழிந்து அவன் இடுப்பில் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன். அவன் கண்ணைத் திறக்காமலே வாலை ஒரு தடவை தரையில் தட்டுகிறான். போர்வை தினமும் மாற்ற வேண்டியிருக்கிறது. முன்பு வாரத்துக்கு மூன்று தடவை. இந்த மாதம் எடை போடவில்லை. தூக்கிக்கொண்டு மண்டி வரை போகத் தெம்பில்லை, அந்த எண் தெரிந்து செய்வதற்கும் புதிதாக ஒன்றும் இல்லை.

மாலையில் வந்ததும் பையைக் கழற்றும் முன் பிரிட்ஜ் கதவைப் பார்க்கிறேன். அப்பாவின் எழுத்து பெரியது, கட்டத்துக்குள் அடங்காது, பக்கத்துக் கட்டத்தில் ஏறி நிற்கும். 'தூக்கினேன்.' 'தூக்கினேன், கத்தினான்.' 'களி பாதி தின்றான்.' 'எனக்கும் முடியவில்லை, இரண்டு பேரும் ஒன்பது வரை படுத்திருந்தோம்.' மேல் பாதிக்கு உரியதைக் கீழ்ப் பாதியில் எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை.

நேற்று முன்தினம் கட்டத்தில், 'வெயில் வந்ததும் தானே எழுந்தான். நான் தூக்கவில்லை. கொட்டகை வரை போனோம்' என்று இருந்தது. அந்த எழுத்து மூன்று கட்டங்களை அடைத்திருந்தது. அதைப் படித்துவிட்டு நனைந்த போர்வையை மாற்றினேன்.

நேற்று, மிச்சமிருந்த சின்ன இடத்தில், 'தூக்கினேன்' என்று எழுதியிருந்தார்.